கஞ்சி போட்ட தாளை அலசி, மறுபடி கஞ்சி போட்டு…

தேவகோட்டைத் தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணே, கம் பிரிண்ட்டுக்கு நீங்க வச்சிருக்கிற 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் இப்ப விலை இறங்கியிருக்கு. ஒரு கட்டு வாங்கிப் போடவா?" ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்ததும் ஆத்திரம் வந்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம் பிரிண்ட் என்பது புகைப்படத்தைக் கையால் அச்சிடும் பழைய முறை. கருவேலம் பிசின், டைகுரோமேட் (வெயில் பட்ட இடத்தில் பிசினை இறுகவைக்கும் குரோமிய உப்பு), வாட்டர்கலர் மூன்றையும் குழைத்துத் தாளில் பூசி, மேலே நெகட்டிவை வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் கிடத்தி எடுக்கும் வேலை. படத்தில் ஆழம் வேண்டுமென்றால் மூன்று நான்கு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியல். மரக்கூழ்த் தாள் இரண்டாவது குளியலிலேயே மேல்தோல் உரிந்து உருண்டை உருண்டையாகத் திரளும். இந்தத் தாள் அப்படியில்லை. ஈரத்தோடு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் கிழியாது. மென்தூரிகையால் தடவி நிறத்தை எடுத்தாலும் நார் எழும்பாது. இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் எரிச்சல் பசையில்தான். ஆலையிலேயே ஜெலட்டினில் முக்கி எடுத்த தாள் இது. நிறம் நாருக்குள் இறங்காமல் மேலேயே நிற்பது அதனால்தான். நமக்கும் அதுதான் வேண்டும். பசை போதாவிட்டால் வெளுப்பாக வரவேண்டிய வானம் முழுக்க அழுக்கு படியும். ஆனால் முதல் குளியலுக்குப் பிறகு தாள் காய்ந்து சுருங்கும். அப்புறம் அதே நெகட்டிவை மேலே வைத்தால் பொருந்தாது. கானாடுகாத்தான் வீட்டு முகப்புத் தூண் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு நீலக்கோடு தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் பூசுவதற்கு முன்பே வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டு, காயவைத்து, சுருங்குவதைச் சுருங்கவிட வேண்டும். அந்த வெந்நீரில் ஆலைக்காரர் போட்ட பசையும் கரைந்து போகிறது! கஞ்சி போட்டு மடித்த புது வேட்டியை வாங்கி வந்து, அலசிப் பிழிந்து, மறுபடி நானே கஞ்சி போடுகிற கதை. காசு ஒருமுறை, உழைப்பு ஒருமுறை.

ஆலைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை என்பதும் தெரிகிறது. அவர் ஓவியர்களுக்காகச் செய்தார். அவர்கள் யாரும் தாளை வெந்நீரில் வேகவைப்பதில்லை. தெரிந்தும் ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் வயிறு எரிகிறது.

சரி, நம் பசை. லிட்டருக்கு 30 கிராம் ஜெலட்டின். பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு சூடாக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. புத்தகத்தில் இவ்வளவுதான். காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை அந்தப் புத்தகத்தில் இல்லை. குளிர்ந்த ஊரில் தாளில் பட்டதும் உறைகிற ஜெலட்டின், இங்கே கொடியில் தொங்கவிட்டதும் கீழ்விளிம்புக்கு ஓடிவிடும். மேலே பசை இல்லை, கீழே தடித்த பட்டை. படத்தில் அந்தப் பட்டை அப்படியே தெரியும். இப்போதெல்லாம் வருஷத்துக்கு வேண்டிய தாள்களை மார்கழி விடிகாலையில்தான் முக்குகிறேன். காய்ந்ததும் தலைகீழாகத் தொங்கவிட்டு இன்னொரு முறை. அதற்குக் குரோம் படிகாரம் சேர்த்தால் பசை இறுகும். ஃபார்மலின் நன்றாக இறுக்கும்தான். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

ஜெலட்டின் மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து வருவது என்று யாரோ அப்பத்தாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அடுப்படியில் அனுமதி இல்லை, பின்கட்டில் தனி அடுப்பு. "செவுத்துக்கு முட்டை வெள்ளைக்கரு பூசுன ஊருடா இது, தாளுக்கும் அதையே பூசேன்" என்று ஒரு யோசனை வேறு. மோசமான யோசனை இல்லை. ஆனால் வெறுமனே பூசினால் கழுவும்போது கரைந்துவிடும்; ஆவியிலோ ஸ்பிரிட்டிலோ உறையவைத்தால்தான் நிற்கும். கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் பூசிப் பார்த்தேன். ஒற்றைப் பூச்சுப் படத்துக்கு அது தாராளம்.

படம் கறைபட்டால் உடனே தாளைத் திட்டாதே. டைகுரோமேட் பூசிய தாள் புழுக்கத்தில், இருட்டிலேயே தானாக இறுகும். பூசிய துண்டு ஒன்றை வெயில் காட்டாமல் உடனே தண்ணீரில் போடு. வெளுத்தால் தாள் நிரபராதி. வெளுக்காவிட்டால் பசை போதவில்லை. கையுறை கட்டாயம். கழுவிய தண்ணீர் ஊரணிப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ போகக்கூடாது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மழமழப்பான ஹாட் பிரஸ்ஸா, சொரசொரப்பான கோல்ட் பிரஸ்ஸா? முகத்துக்கு முன்னது, சுவர், ஓடு, தூணுக்குப் பின்னது. மழமழப்பில் பசை அதிகமானால் தடித்த பூச்சு பிடிமானம் இல்லாமல் செதில் செதிலாக உரியும். எதுவானாலும் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டி, மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டுவை. தாள் இரு திசையிலும் ஒரே அளவு சுருங்காது.

இதைவிட நல்ல தாள் என் கைக்கு வந்ததில்லை. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். உள்நாட்டுக் கைத்தாள், பருத்தியில் செய்தது, இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எப்படியும் பசை நாம்தான் போடப் போகிறோம். அதில் சில தாள் ஊறும்போது நார் விடும், சிலது விடாது. நான் இனி அதுதான். இந்த வீறாப்பு அடுத்த மார்கழி வரை தாங்காது என்று வீட்டில் சொல்கிறார்கள்.