சிறப்பிதழா, தொகுப்பு நூலா?

ஒரு பொருளைச் சுற்றி எட்டுப் பத்து ஆய்வாளர்களைத் திரட்டியாகிவிட்டது. அவர்களின் கட்டுரைகளை ஓர் ஆய்விதழின் சிறப்பிதழாகக் கொண்டுவருவதா, தொகுப்பு நூலாகப் போடுவதா? உழைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுரையை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்த்தே நான் முடிவெடுப்பேன்.

நூலில் அது பெரும்பாலும் தொகுப்பாசிரியரிடம். பதிப்பகம் முன்மொழிவையும் மாதிரி இயல்களையும், சில வேளைகளில் முழுக் கைப்பிரதியையும் மதிப்பீட்டுக்கு அனுப்பும். இயல் இயலாகத் துருவுவது குறைவு. தரவு வலுவாக இருந்து வாதம் தள்ளாடும் கட்டுரையை எழுதியவரோடு உட்கார்ந்து நிமிர்த்திவிடலாம்.

சிறப்பிதழில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் வழக்கமாக இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தாண்டவேண்டும். இறுதி முடிவு பொதுவாக இதழின் முதன்மை ஆசிரியருடையது. நீங்களே வருந்தி அழைத்து எழுதவைத்த கட்டுரை, 'ஏற்க இயலாது' என்ற குறிப்போடு திரும்பி வரும். அதை நண்பருக்குத் தெரிவிக்கும் கொடுமையும் பெரும்பாலும், அந்த ஒரு சிறப்பிதழை மட்டும் தொகுக்கும் விருந்தினர் ஆசிரியரான உங்கள் தலையில்தான் விழும். ஆகவே அழைப்பு மடலிலேயே, 'சுருக்கம் ஏற்கப்பட்டால் கட்டுரையும் ஏற்கப்பட்டதாகாது' என்று எழுதிவிடுங்கள். பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும்.

காலத்தாமதத்தில் சிறப்பிதழுக்கே என் ஓட்டு. ஒருவர் இழுத்தடித்தால் நூல் முழுவதும் அச்சேறாமல் கிடக்கும். பல ஆய்விதழ்களோ ஏற்ற கட்டுரையை உடனே இணையத்தில் ஏற்றிவிடுகின்றன. சொன்ன தேதியில் தந்தவர் தண்டிக்கப்படுவதில்லை. உங்கள் முன்னுரை மட்டும் கடைசிக் கட்டுரைக்காகக் காத்திருக்கும்.

சிறப்பிதழுக்கு இன்று ஒரு கெட்ட பெயரும் உண்டு, காரணமில்லாமல் வந்ததன்று. ஹிந்தாவி பதிப்பகம் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை, வெளியிட்ட பிறகு செல்லாதவை என்று திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. விருந்தினர் ஆசிரியர் என்ற வாசல் வழியாகப் காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகள் உள்ளே நுழைந்திருந்தன. ஹிந்தாவியின் உரிமையாளரான வைலி நிறுவனம் கடைசியில் அந்தப் பதிப்பகப் பெயரையே கைவிட முடிவுசெய்தது. உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத இதழிலிருந்து புகழுரையோடு ஆசிரியர் பொறுப்புத் தேடி வந்தால், மகிழ்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இறுதி முடிவு யாருடையது, வெளியீட்டுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் சொந்தக் கட்டுரையை யார் கையாள்வார். விருந்தினர் ஆசிரியர்களின் கட்டுரைகள் தனி மதிப்பீட்டுக்கு உட்படவேண்டும், அந்தச் சிறப்பிதழில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது, யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே (DOAJ) அமைப்பின் விதி. இந்த விதி தெரியாதவர்போல் விழிக்கும் இதழுக்கு மறுமொழியே வேண்டாம்.

எழுதுவோரில் இளம் ஆய்வாளர்கள் மிகுதி என்றால் சிறப்பிதழையே எடுப்பேன். பணி நியமனக் குழுக்கள் பல துறைகளில் நூல் இயலைவிட ஆய்விதழ்க் கட்டுரைக்கே மதிப்பளிக்கின்றன. நீண்ட வாதமும் படங்களும் மூல ஆவணப் பகுதிகளும் வேண்டுமென்றால், சொல் வரம்பு இறுக்கமான ஆய்விதழோடு மல்லுக்கட்டாமல் நூலுக்கே போய்விடலாம்.