போடோ3 வைத்து ஆப்சிங்க் ஏபிஐகளை நிர்வகிக்கலாமா? தாராளமாக, ஆனால்…

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அமேசானின் கிளவுட் தளமான ஏடபிள்யூஎஸ்ஸின் ஆப்சிங்க் சேவையில் நாலைந்துக்கு மேல் கிராஃப்கியூஎல் ஏபிஐகள் (வேண்டிய புலங்களை மட்டும் கேட்டு வாங்கும் வினவல் மொழியில் பேசும் ஏபிஐகள்) வைத்திருக்கிறீர்கள், பைத்தானும் ஓரளவு எழுத வரும் என்றால், பைத்தானிலிருந்து ஏடபிள்யூஎஸ் சேவைகளை இயக்கும் போடோ3 நூலகத்தில் இருக்கும் ஆப்சிங்க் கிளையண்டைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். கன்சோலில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கிளிக் செய்துகொண்டிருக்கும் வேலையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஆனால் உங்களுக்காக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி இல்லை இது. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு வரும், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் அருமையான நூலகம், தெரியாமல் இறங்கினால் தலைவலி.

கிராஃப்கியூஎல் 2012இல் ஃபேஸ்புக்குக்குள் தொடங்கி 2015இல் பொதுவில் வந்தது. அதற்கான சர்வரை நாமே ஓட்டாமல் அமேசானிடம் விட்டுவிடுவதற்கான சேவைதான் ஆப்சிங்க். 2017 நவம்பரில் அறிவித்து 2018இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஸ்கீமா (எந்தத் தரவைக் கேட்கலாம் என்ற வரையறை), டேட்டா சோர்ஸ் (தரவு இருக்கும் இடம்), ரிசால்வர் (அங்கிருந்து தரவை எடுத்துத் தரும் கோடு) இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் அதைச் சுற்றித்தான்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: வினவலை ஓட்டும் அழைப்பு எங்கே? கிளையண்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது அங்கே இல்லை. ஏபிஐயை உருவாக்க, மாற்ற, நீக்க, சோதிக்க மட்டும்தான் இந்தக் கிளையண்ட். வினவலை ஓட்ட, ஆப்சிங்க் தரும் முகவரிக்கு நேராக எச்டிடிபி போஸ்ட் அனுப்ப வேண்டும், ஏபிஐ கீ வழி என்றால் ஹெடரில் கீயை வைத்தால் போதும், ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி அமைப்பான ஐஏஎம் வழி என்றால் கோரிக்கையைக் கையொப்பமிட வேண்டும், அதற்கான சிக்வி4 வகுப்பு போடோ3க்கு அடித்தளமான போடோகோர் தொகுப்பிலேயே இருக்கிறது, வெளியே எங்கும் தேட வேண்டாம். இப்படிப் பிரித்து வைத்ததைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிர்வாக அனுமதிகள் ஒரு பக்கம், வினவலை ஓட்டும் அனுமதி தனியாக ஒரு பக்கம் என்று இருப்பதால்தான், ஸ்கீமாவை ஏற்றும் டெப்ளாய் ரோலுக்கு வாடிக்கையாளர்களின் தரவைப் படிக்கும் உரிமையே கொடுக்காமல் நிம்மதியாக இருக்க முடிகிறது.

சரி, உருவாக்குவதற்கு வருவோம். 'கிரியேட் கிராஃப்கியூஎல் ஏபிஐ' அழைப்புக்குக் கட்டாயம் வேண்டியது பெயரும் அங்கீகார வகையும் மட்டும்தான். ஏபிஐ கீ, ஐஏஎம், காக்னிட்டோ (ஏடபிள்யூஎஸ்ஸின் பயனர் உள்நுழைவுச் சேவை), ஓப்பன்ஐடி கனெக்ட் (வெளி உள்நுழைவுச் சேவைகளுக்கான தரம்), லாம்டா (சர்வர் இல்லாமல் நம் கோடை ஓட்டும் ஏடபிள்யூஎஸ் சேவை) என்று ஐந்து வகை உண்டு. உடனே ஐடியும் முகவரிகளும் கையில் வந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது, பெயர் தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆப்சிங்க்கில் கிடையாது. அதே ஸ்கிரிப்டை இரண்டு தடவை ஓட்டினால் அதே பெயரில் இரண்டு ஏபிஐ நிற்கும், எந்தப் பிழையும் வராது. ஆகவே முதலில் பட்டியலை எடுத்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உருவாக்க வேண்டும். அந்தப் பட்டியலும் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 25தான் தரும், எல்லாப் பக்கங்களையும் எடுத்துத் தரும் பேஜினேட்டர் போடாமல் எழுதினால் இருபத்தாறாவது ஏபிஐ உங்கள் கண்ணுக்கே தெரியாது. பெயரை நம்பாமல் டேக் வைத்துத் தேடுவது இன்னும் நல்லது.

உருவாக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஏபிஐ பொதுவில் தெரிய வேண்டுமா, விபிசிக்குள் (ஏடபிள்யூஎஸ்ஸில் நமக்கான தனி நெட்வொர்க்) மட்டும் இருக்க வேண்டுமா என்ற அமைப்பு. அதைப் பிறகு மாற்றவே முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

ஸ்கீமா ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருடைய ஸ்கிரிப்ட் உடைவது இங்கேதான். 'ஸ்டார்ட் ஸ்கீமா கிரியேஷன்' என்ற பெயரிலேயே 'ஸ்டார்ட்' இருக்கிறது, அதாவது வேலையைத் தொடங்கிவிட்டு 'பிராசஸிங்' என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிடும். ஸ்கீமா உண்மையில் ஏறியதா இல்லையா என்பதை 'கெட் ஸ்கீமா கிரியேஷன் ஸ்டேட்டஸ்' என்ற தனி அழைப்பில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளமான டைனமோடிபியில் டேபிள் தயாராகும் வரை காத்திருக்க போடோ3 ஒரு வெயிட்டர் தருகிறது, ஆப்சிங்க்குக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. எனவே இரண்டு வினாடி தூங்கி எழுந்து கேட்கும் ஒரு சின்ன லூப்பை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும், 'சக்சஸ்' அல்லது 'ஆக்டிவ்' என்றால் வெளியே வரலாம், 'ஃபெயில்டு' என்றால் பதிலில் இருக்கும் 'டீட்டெய்ல்ஸ்' புலத்தை அப்படியே லாகில் எழுதிவிட்டு நிறுத்திவிடலாம். எது தவறு என்ற விவரம் அந்தப் புலத்தில்தான் வரும், அதை எழுதாமல் விட்டால் இருட்டில் துழாவ வேண்டியதுதான். அப்புறம், ஸ்கீமா ஏறிக்கொண்டிருக்கும்போதே ரிசால்வரை உருவாக்கப் போனால், இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன்' பிழை வரும். வேகமாக முடிய வேண்டும் என்று ஒரே ஏபிஐக்கு நாலு திரெட் போட்டு ரிசால்வர்களை ஏற்றுவதில் பயன் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுங்கள். வெவ்வேறு ஏபிஐகளை வேண்டுமானால் இணையாகச் செய்யலாம்.

இந்த நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'எவால்யுவேட் கோட்' அழைப்பு. 2022 நவம்பரில் ரிசால்வர்களை ஜாவாஸ்கிரிப்டில் எழுத வழி வந்தது, அதற்கு முன் பெரும்பாலும் விடிஎல் என்ற டெம்ப்ளேட் மொழிதான். ஆனால் ஆப்சிங்க்கில் ஓடுவது முழு ஜாவாஸ்கிரிப்ட் இல்லை: டிரை-கேட்ச் கிடையாது, த்ரோ கிடையாது, வைல் லூப் கிடையாது, அசிங்க் கிடையாது. உங்கள் கணினியில் நோடில் அழகாக ஓடும் கோடு அங்கே ஏறவே மறுக்கலாம். அதனால் ரிசால்வர் கோடையும் ஒரு மாதிரி கான்டெக்ஸ்ட் ஜேசானையும் (ரிசால்வருக்கு வரும் உள்ளீடு) இந்த அழைப்பில் கொடுத்து, ரிக்வெஸ்ட் பகுதியா ரெஸ்பான்ஸ் பகுதியா என்று சொன்னால், ஆப்சிங்க் அதைத் தன் சொந்தச் சூழலிலேயே ஓட்டி முடிவைத் திருப்பித் தருகிறது, பிழை இருந்தால் எந்த வரியில் என்றும் காட்டுகிறது, லாகும் கூடவே வருகிறது. ஒரு ஏபிஐகூட டெப்ளாய் செய்யாமல் இதையெல்லாம் செய்யலாம். எங்கள் குழுவில் ஒவ்வொரு ரிசால்வருக்கும் பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்டில் இப்படி ஒரு சோதனை இருக்கிறது, டைனமோடிபிக்குப் போகும் கோரிக்கையில் எந்தப் பதிவு என்று காட்டும் பார்ட்டிஷன் கீ சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று மெர்ஜுக்கு முன்பே தெரிந்துவிடும். இதற்கு மட்டுமே போடோ3 கற்றுக்கொண்டாலும் தகும்.

அடுத்து ஏபிஐ கீ. காலாவதி நேரம் கொடுக்காமல் உருவாக்கினால் ஏழு நாள்தான் உயிர், அதிகபட்சம் 365 நாள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் மொபைல் செயலி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. காரணம், வருடத்துக்கு முன் யாரோ உருவாக்கிய கீ அன்று காலாவதி ஆனது, உருவாக்கியவர் வேலையை விட்டே போய்விட்டார், வேறு யாருக்கும் அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது. இதைத் தடுக்க முப்பது நாற்பது வரி பைத்தான் போதும்: எல்லா ஏபிஐகளையும் எடு, ஒவ்வொன்றின் கீகளையும் எடு, ஒரு மாதத்துக்குள் முடியப் போவதை அஞ்சலில் அனுப்பு, தேவையானதை 'அப்டேட் ஏபிஐ கீ'யில் நீட்டித்துவிடு. கிளையண்ட் ஒரு ரீஜனுக்குத்தான் பேசும் என்பதால் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ரீஜனுக்கும் ஒன்று என்று சுற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: பட்டியலில் கீயின் ஐடி என்று வருவதுதான் கீயே. ஐடிதானே என்று லாகில் அச்சடித்துவிடாதீர்கள், ரகசியம் வெளியே போய்விடும்.

பாதுகாப்புச் சோதனைக்கும் இதே வழிதான். வினவல் எவ்வளவு ஆழம் போகலாம் என்ற வரம்பு, நாம் அமைக்காவிட்டால் பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை, 75 வரை வைக்கலாம். ஸ்கீமாவையே வினவிப் பார்க்க விடும் இன்ட்ராஸ்பெக்ஷனும் நாம் மூடாத வரை திறந்தே இருக்கும். எல்லா ஏபிஐயிலும் இவை எப்படி இருக்கின்றன என்று பார்க்கக் கன்சோலில் ஒரு நாள் உட்கார வேண்டாம். மாற்றும்போது மட்டும், முதலில் 'கெட்' செய்து இருக்கிற அமைப்புகள் முழுவதையும் எடுத்து, அதில் திருத்தி, மொத்தமாகத் திருப்பி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டெர்ராஃபார்ம், கிளவுட்ஃபார்மேஷன் எதற்கு என்று கேட்கலாம். வேண்டும். ஒரு ஏபிஐயை அடிமுதல் கட்டி, அதன் நிலையை நினைவில் வைத்து, எது மாறியது என்று கண்டுபிடிக்கும் வேலை அவற்றுடையது, அதைப் போடோ3யில் எழுதப் போனால் நீங்கள் அரைகுறையாக இன்னொரு டெர்ராஃபார்ம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கட்டிய பிறகு நடக்கும் அன்றாடப் பராமரிப்பு, சோதனை, கணக்கெடுப்பு எல்லாம் போடோ3க்கு.

செலவு பற்றி: நூலகம் இலவசம், அப்பாச்சி உரிமம். ஆப்சிங்க் வினவல்களுக்குப் பத்து லட்சத்துக்கு 4 டாலர். ஆனால் பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷை உருவாக்கும் அழைப்பை மட்டும் யோசித்துப் போடுங்கள், கோடில் ஒரே வரிதான், அதன் பிறகு யாரும் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் பில் ஓடிக்கொண்டிருக்கும்.

போடோ3 ஆவணத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் எல்லாப் புலங்களும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன, எதை எதோடு சேர்த்து எந்த வரிசையில் கூப்பிடுவது என்பது மட்டும் அங்கே விளங்காது. உதாரணமாக, டேட்டா சோர்ஸ் உருவாக்க ஆப்சிங்க் அனுமதி மட்டும் போதாது, அதற்குக் கொடுக்கும் ரோலை ஒப்படைக்க 'பாஸ்ரோல்' என்ற ஐஏஎம் அனுமதியும் வேண்டும். எடிட்டரில் அழைப்புகளின் பெயர்கூடத் தானாக வராது, அதற்கு 'போடோ3-ஸ்டப்ஸ்' தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள், எழுதும்போதே எழுத்துப்பிழை தெரிந்துவிடும்.

இந்த ஸ்கிரிப்டுகளை லாம்டாவில் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓட விடப் போகிறீர்கள் என்றால், அங்கே முன்பே இருக்கும் போடோ3ஐ நம்ப வேண்டாம். அது சமீபத்திய பதிப்பைவிடப் பின்தங்கி இருக்கலாம், புதிதாக வந்த புலத்தை அனுப்பினால் அப்படி ஒரு அளவுருவே தெரியாது என்று கோரிக்கை வெளியே போகும் முன்பே நிறுத்திவிடும். பதிப்பு எண்ணை உறுதியாக எழுதி, உங்கள் தொகுப்போடு சேர்த்தே ஏற்றுங்கள்.