பண்பாட்டு மூலதனம் குறித்த ஒருநாள் ஆசிரியர் பயிற்சி: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று லண்டனில் நடத்தும் ‘பண்பாட்டு மூலதனம்’ (ஒரு பிள்ளை முன்னேற உதவும் அறிவு, பேச்சுமுறை, ரசனை போன்றவை) குறித்த ஒருநாள் பயிற்சிக்கு அண்மையில் சென்றுவந்தேன். எனக்கான கட்டணத்தைப் பள்ளியே செலுத்தியது. சொந்தப் பணத்தில் செல்லலாமா என்று தமிழ் ஆசிரியர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

காலை அமர்வு தரமாக இருந்தது. பள்ளிகளை நேரில் ஆய்ந்து தரத்தை மதிப்பிடும் அரசு அமைப்பான ஆப்ஸ்டெட் 2019 செப்டெம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆய்வுச் சட்டகத்தில் இச்சொல் இடம்பெற்ற பின்னரே அது ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சுக்குள் வந்தது என்பதையும், அச்சட்டகத்துக்கான ஆய்வாளர் கையேட்டில் அதற்குத் தரப்பட்ட விளக்கம் 2014 முதல் நடைமுறையிலுள்ள தேசியப் பாடத்திட்டத்தின் வாசகத்தையே பெரிதும் பின்பற்றுகிறது என்பதையும் பயிற்றுநர் இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். ‘சிந்திக்கப்பட்டவற்றிலும் சொல்லப்பட்டவற்றிலும் மிகச் சிறந்தவை’ என்று அந்த விளக்கத்தில் வரும் தொடரின் மூலம் மாத்யூ ஆர்னால்ட் 1869இல் வெளியிட்ட நூலில் உள்ளது. கவிஞரான ஆர்னால்ட் 1851 முதல் 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். அவருடைய வாசகம் ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்களின் கையேட்டுக்கே வந்து சேர்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

இச்சொல்லைக் கல்வி ஆய்வுக்குத் தந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவுக்கோ இரண்டே நிமிடம்தான் கிடைத்தது. வசதி படைத்த குடும்பம் பேச்சுமுறையாகவும் ரசனையாகவும் கூச்சமற்ற நடையாகவும் பிள்ளைக்குக் கைமாற்றித் தருவதைப் பள்ளி அப்பிள்ளையின் இயல்பான திறமை என்று எண்ணிச் சான்றிதழ் வழங்குகிறது, அதனால் பரம்பரைச் சொத்து தகுதியாக உருமாறிவிடுகிறது என்பது அவரது வாதம். அது பள்ளியின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஆப்ஸ்டெட்டின் கையில் அதே சொல், பிள்ளையிடம் உள்ள குறையை நிரப்புமாறு பள்ளிக்கு இடப்படும் பணியாகிவிட்டது. இந்த முரணை விளக்காமல் கடந்து சென்றதன் விளைவு பிற்பகலில் தெரிந்தது.

‘உங்கள் மாணவரிடம் இல்லாதவை’ என்ற தலைப்பிட்ட தாளை நிரப்புவதே குழுப் பயிற்சி. எங்கள் மேசையில் நாடக அரங்கு, அருங்காட்சியகம், சொல்வளம், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கும் முறை என்று பட்டியல் நீண்டது. இவற்றுள் சொல்வளத்தை நான் மறுக்கமாட்டேன். வினா புரியாமலேயே அறிவியல் தேர்வில் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அப்படியிருந்தும் அங்கே யார் தயங்காமல் நுழைகிறார்கள் என்பதுதான் பூர்தியு எழுப்பக்கூடிய கேள்வி. அதற்கு ஒருநாள் சுற்றுலா விடையாகாது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் குறள் ஒப்பிக்கிற, மருத்துவரிடம் அம்மம்மாவுக்காக மொழிபெயர்க்கிற பிள்ளையை இந்தத் தாளில் எங்கே எழுதுவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். விளிம்புநிலைச் சமூகங்களிடம் உள்ள மொழி, குடும்பம், நிறுவனங்களிடையே வழி தேடும் திறன் முதலியவற்றையும் மூலதனமாகக் கருதவேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் டாரா யோசோ 2005இலேயே எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. நம்மவரும் இதில் நிரபராதிகள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும்: மண்டபம் எடுத்துப் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும், பெற்றோர் இரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கும் இடையே நம் சமூகத்துக்குள்ளேயே இதே கணக்கு நடக்கிறது.

பள்ளியில் ஆய்வு நெருங்கியிருந்து, கொள்கையின் சொற்களை விரைவாகப் புரிந்துகொள்ள விரும்புவோருக்குக் காலை அமர்வு மட்டும் பயன்படும். அதைத் தனியாகப் பதிவுசெய்ய வசதியில்லை. சொந்தப் பணம் என்றால் நான் போகமாட்டேன். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு மூன்று கொடுத்து, அந்தத் தாளின் தலைப்பை ‘உங்கள் மாணவரிடம் இருந்தும் பள்ளி காணாதவை’ என்று மாற்றும்படி எழுதிவிட்டு வந்தேன்.