96 டெசிபல் ஸ்பீக்கருக்கு எந்தப் பழைய ஆம்ப்?

க்ளிப்ஷ் ஹெரசி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை ஓட்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தேடுவதே வேலையாகிவிட்டது. 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் ஹார்ன் (புனல் போல விரியும் வாய்), 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 96 டெசிபல். மும்பையில் பழைய ஆம்ப்புக்குப் பஞ்சமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு இருக்கிறது, பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் இருக்கிறது, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வீடு காலி செய்கிறவர்கள் விற்பதும் உண்டு. எல்லாச் செலவும் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் நான்கு வகை தேறியது: 70களின் ஜப்பான் ரிசீவர் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்), என்ஏடி கம்பெனியின் 3020, நம் நாட்டிலேயே செய்த நார்ஜ், சோனோடைன் வகையறா, அப்புறம் வால்வு ஆம்ப். நான் வாங்கியது என்ஏடி 3020.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சத்தம் 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 86 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் சத்தத்தை ஹெரசி 1 வாட்டிலேயே எழுப்பிவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும் மும்பை ஃப்ளாட்டில் 15, 20 வாட் தாராளம். 100 வாட் ரிசீவருக்குக் கொட்டுகிற பணம் இங்கே பயன்படப்போவதே இல்லை.

பயன்படுவது அந்த முதல் வாட்தான். அது எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அமைதியாக வருகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். எந்த ஆம்ப்பிலும் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்த பிறகும் கொஞ்சம் இரைச்சல் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண ஸ்பீக்கரில் அது காதுக்கு எட்டாது. ஹார்னில் எட்டும். ஆறடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தாலே ட்வீட்டரிலிருந்து ஒரு ‘ஸ்ஸ்’, வூஃபரிலிருந்து ஒரு ‘ம்ம்ம்’. வீணை ஆலாபனையில் மீட்டு அடங்கும் இடத்தில் இந்த ‘ம்ம்ம்’ வந்து நின்றால் அன்றைய கச்சேரி போச்சு.

இந்த ‘ம்ம்ம்’ பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்கள் உலர்ந்துபோனதால் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகள் வழியாக டிசி ஆகும்போது அது 100 ஹெர்ட்ஸ் அலையாக மிஞ்சுகிறது. அதை வழித்தெடுப்பது கண்டென்சர் வேலை. நாற்பது வயதைத் தாண்டிய கண்டென்சர் அந்த வேலையைப் பாதிதான் செய்யும். ஆக, பழைய ஆம்ப் வாங்குகிறவர் அதைப் பிரித்து மராமத்து பார்க்கவும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். எந்த ஆம்ப் நம் ஊரில், நம் மெக்கானிக் கையில், கிடைக்கிற உதிரிபாகத்தை வைத்துச் சரியாகும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. பிராண்டு, மாடல் எல்லாம் அதற்குப் பின்னால்.

இந்தக் கேள்வியில் 3020 ஜெயித்தது. 1978-இல் வந்த ஆம்ப், சேனலுக்கு (இடம், வலம் ஒவ்வொன்றுக்கும்) 20 வாட். வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன். பவர் டிரான்சிஸ்டர்கள் 2என்3055, எம்ஜே2955 ஜோடி. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கல்லூரி லேபிலேயே 2என்3055-ஐக் கையில் எடுத்திருப்பார்கள். லேமிங்டன் ரோட்டில் அதன் பேரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். போலியும் உண்டு என்பதால் தெரிந்த கடையில், ஒரே பேட்ச்சாகப் பார்த்து வாங்க வேண்டும்; அவ்வளவுதான். மற்றதெல்லாம் தனித்தனி ரெசிஸ்டர், கண்டென்சர், சின்ன டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம்.

இன்னொரு பெரிய வசதி அதன் முதுகில் இருக்கிறது. ப்ரீ-ஆம்ப்பையும் (வால்யூம், டோன் பார்க்கும் முன்பகுதி) பவர் ஆம்ப்பையும் (ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதி) இணைக்கும் யு வடிவக் கம்பிகள். அவற்றைப் பிடுங்கிவிட்டு நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்ட ஒரு சின்னக் கேபிளைச் சொருகினேன். வரிசையில் 10 கிலோ ஓம், எர்த்துக்கு 3.3 கிலோ ஓம். சுமார் 12 டெசிபல் குறைகிறது. ப்ரீ-ஆம்ப்பின் இரைச்சல் கால்வாசியாகிவிட்டது. கூடவே வால்யூம் பிரச்சினையும் தீர்ந்தது. ஹார்ன் ஸ்பீக்கரில் குமிழை, கடிகார முள் கணக்கில், ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில்தான் வைக்க முடியும். பழைய வால்யூம் கன்ட்ரோல்களில் இடமும் வலமும் ஒத்துப்போகாத இடம் அதுவேதான். இப்போது பதினொரு மணி வரை தைரியமாகத் திருப்புகிறேன், பாடகர் நடுவிலேயே நிற்கிறார். முன்பக்கம் சத்தத்தைக் காட்டும் விளக்குகளில் முதலாவது 1 வாட்டுக்கு. இரவு நேரத்தில் மிருதங்கத் தனி வந்தால்தான் அது கண் சிமிட்டும்.

குறைகளும் உண்டு. முகப்பு பிளாஸ்டிக், பட்டன்கள் மட்டமானவை, ஸ்பீக்கர் வயர் சொருகும் இடம் இன்றைய தடித்த கேபிளுக்கு ஒத்துவராது. அந்த யு கம்பிகள் மழைக்காலத்தில் கறுத்துவிடும். ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதலில் அதைத்தான் துடைக்க வேண்டும். பயாஸ் கரண்ட்டையும் (பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம்) மெக்கானிக்கிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் மெல்லிய ஒலியில்தான் கரகரப்பு கூடும். நாம் கேட்பதெல்லாம் அந்த இடத்தில்தான்.

ஜப்பான் ரிசீவர்கள் அழகில் எங்கேயோ இருக்கின்றன. மராண்ட்ஸ் 2220-இன் நீல வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதுவும் 20 வாட்தான். பயனியர் எஸ்எக்ஸ்-450 15 வாட், அதுவும் போதும். மராண்ட்ஸின் கதகதப்பான ஒலி ஹார்னின் கூர்மையைக் கொஞ்சம் தணிக்கும், அந்த வகையில் 3020-ஐவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் நான் விசாரித்த இடங்களில் அதற்குச் சொன்ன விலை என் பட்ஜெட்டைத் தாண்டியது. ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் தனியாக வாங்க வேண்டும், சிலசமயம் அதன் ரீங்காரமும் அறையில் கேட்கும். 70களின் கடைசியிலும் 80களிலும் வந்த பல மலிவு மாடல்களில் பவர் ஆம்ப்பை ஒரே பாகத்தில் அடக்கிய சான்யோவின் எஸ்டிகே ஐசிதான் இருக்கும். அது போனால் அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே நம்பர் அச்சடித்த போலி கடைகடையாகக் கிடைக்கும். அதனால் ஜப்பான் செட் வாங்குவதென்றால் மூடியைத் திறந்து, உள்ளே தனித்தனி டிரான்சிஸ்டரா ஐசியா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். 230 வோல்ட் செலக்டர் உள்ள, கண்டென்சர் மாற்றிய மராண்ட்ஸ் நியாயமான விலைக்கு அமைந்தால் விடாதீர்கள். மறுபடி விற்றாலும் பணம் நிற்கும்.

நார்ஜ் மும்பைக்காரர்கள், சோனோடைன் 1970-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. இறக்குமதி எட்டாக்கனியாக இருந்த காலத்தில் நம் வீடுகளுக்கு ஸ்டீரியோ கொண்டுவந்தவர்கள் இவர்கள். பிறப்பிலேயே 230 வோல்ட், விலையும் குறைவு, உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டாம். மராமத்து என்ற என் அளவுகோலில் 3020-க்குச் சமமாக நிற்பது இவைதான். நான் கேட்டுப் பார்த்த நார்ஜ் ஹெரசியில் சற்று இரைந்தது. ஆனால் அது கண்டென்சர் மாற்றாத செட். அதை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிட மாட்டேன். பத்தாயிரத்துக்குள்தான் முடியும் என்பவர்கள் இங்கேயே தொடங்கலாம்.

வால்வு ஆம்ப்பை நண்பர் வீட்டில் கேட்டதோடு சரி, என் வீட்டில் ஓட்டியதில்லை. ஹார்னும் வால்வும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்பார்கள், கேட்டால் நம்பத் தோன்றும். சேனலுக்கு ஒரு ஜோடி ஈஎல்84 வால்வு 10 வாட்டுக்கு மேலேயே தரும், இந்த ஸ்பீக்கருக்கு அது போதும். அன்று கேட்ட பெண் குரலில் இருந்த ஈரம் என் 3020-இல் இல்லை. ஆனால் உள்ளே 300 வோல்ட் ஓடுகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்தால் சுற்றித் தர ஆள் தேட வேண்டும், மே மாத மும்பையில் ஹாலில் இன்னொரு சூடும் சேரும்.

வாங்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும் உங்கள் காதும் போதும். விற்பவரிடம் சொல்லி முதல் தடவை ஆம்ப்புக்கு மின்சாரம் போகும் வழியில் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். பிறகு நேராக மின்சாரம் கொடுத்து, ஸ்பீக்கர் மாட்டாமல், அந்த முனைகளில் டிசி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைச் சந்தடியில் ‘ம்ம்ம்’ கேட்காது. முடிந்தால் உங்கள் ஸ்பீக்கர் ஒன்றையே எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் வீட்டில் மாட்டிப் பார்க்க ஒரு நாள் தவணை கேளுங்கள். தர மாட்டேன் என்றால் கண்டென்சர் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.