ஸ்டாட்ஸா, நியூமெரிக்கலா, சாலிட் ஸ்டேட்டா? எந்த எலெக்டிவ் எடுக்கலாம்

பெரியம்மா மவன் நிபோங் திபால்ல எலக்ட்ரானிக்ஸ் மூணாம் வருசம் படிக்கிறான், போன வாரம் மாமாக் கடைல தே தாரிக் வர்றதுக்குள்ள "அண்ணே, எதுல லேசா ஏ கிடைக்கும்"னு கேட்டான். நானும் இதே கேள்விய கேட்டுதான் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் எடுத்தேன், ஏ வந்துச்சு, அதோட சரி, அந்த நோட்டை அப்புறம் தொறக்கவே இல்ல.

மூணுல என் ஓட்டு ஸ்டாட்ஸுக்குதான், அதாவது புள்ளியியலுக்கு. 1972ல இன்டெல் வந்ததுல இருந்து சிப் ஃபேக்டரி ஓடுற ஊரு நம்ம பினாங்கு, பாயான் லெப்பாஸ் பக்கம் இன்டர்ன்ஷிப் போனீங்கன்னா முதல் வாரமே சிபிகேன்னு ஒரு நம்பர் காதுல விழும், செய்யுற சாமான் லிமிட்டுக்குள்ள எவ்ளோ வசதியா நிக்குதுன்னு சொல்றது. எனக்கு விழுந்தப்ப முழிச்சேன் லா. வோல்டேஜ் 4.9ல இருந்து 5.1 வரைக்கும் ஓகே, நம்ம சராசரி 5.04, சிக்மா, அதாவது சராசரிய சுத்தி சிதறுற அளவு, 0.02, எல்லாம் லிமிட்டுக்குள்ளதானே இருக்குன்னு நான் நினைச்சேன். சூப்பர்வைசர் அக்கா பேப்பர்ல போட்டு காட்டுனாங்க, 5.1ல 5.04 போனா மிச்சம் 0.06, அதை மூணு சிக்மாவால வகுத்தா சரியா 1. பொதுவா 1.33 ஆவது கேப்பாங்க. சராசரிய மட்டும் 5.00க்கு இழுத்துட்டா 1.67 ஆயிடும், வேற எதையும் மாத்த வேணாம். இதை நான் படிச்சது கிளாஸ்ல இல்ல, ஃபேக்டரி கேன்டீன்ல.

நியூமெரிக்கல் மெத்தட்ஸ், அதாவது கணக்க கம்ப்யூட்டர்ல தோராயமா போடுற பாடம், ரெண்டாவது. கோட் எழுதுற ஆளுன்னா இதையே முதல்ல வைக்கலாம், தப்பில்ல. கம்ப்யூட்டருக்கு 0.1ஐ முழுசா பைனரில எழுதத் தெரியாது, கொஞ்சம் வெட்டிரும். 1991 பிப்ரவரில சவூதி தஹ்ரான்ல ஏவுகணைய தடுக்கிற பேட்ரியாட் சிஸ்டம் அந்த வெட்டுன துண்டைத்தான் நூறு மணி நேரம் கூட்டிக்கிட்டே இருந்து கடிகாரம் 0.34 செகண்ட் தள்ளிப்போச்சு, வந்த ஏவுகணைய பிடிக்கல, 28 அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க. ஆனா ஒண்ணு, இந்த பாடத்த பைத்தான் வச்சு வீட்லயே பாதி கத்துக்கலாம், ஸ்டாட்ஸ தனியா கத்துக்கிட்டா தப்பா கத்துக்கிட்டது தெரியவே தெரியாது.

சாலிட் ஸ்டேட் பிசிக்ஸ் டிவைஸ் டிசைன் பக்கம் போறவங்களுக்கு அருமை. சிலிக்கான் பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் தாண்டுனாதான் கரன்ட் ஓடுற இடைவெளி, 1.12 எலக்ட்ரான் வோல்ட், சூடு ஏற ஏற அதைத் தாண்டுறதும் கூடி லீக்கேஜும், அதாவது கசியுற கரன்ட்டும், ஏறும், சுமாரா பத்து டிகிரிக்கு ரெட்டிப்பு, அதனாலதான் சில சிப்பை 125 டிகிரில வச்சு டெஸ்ட் பண்றாங்க. டெஸ்ட் பண்றவனுக்கு இவ்ளோ தெரிஞ்சா போதும், வேலை தேடுற எல்லாருக்கும் எலக்ட்ரான் நடத்தைய சொல்ற ஷ்ரோடிங்கர் ஈக்குவேஷன் வேணாம். மேல மாஸ்டர்ஸ் பண்ற ஐடியா இருந்தா கணக்கு மாறும், அப்ப இதைத்தான் முதல்ல எடுக்கச் சொல்வேன்.

லீனியர் அல்ஜிப்ரா எங்கன்னு கேக்காதீங்க, அது எலெக்டிவ்ல இருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுங்க.

தம்பிக்கு இன்னொண்ணும் சொன்னேன், பேர பாத்து ஸ்டாட்ஸ எடுத்துராத, போன வருச பரீட்சை பேப்பர சீனியர்கிட்ட வாங்கிப் பாரு. எக்ஸ்பெரிமென்ட் டிசைன், ரிக்ரெஷன், கன்ட்ரோல் சார்ட் இருந்தா பதிஞ்சுக்க, முழுக்க காசு சுண்டுறதும் பகடை உருட்டுறதுமா இருந்தா நியூமெரிக்கல் பக்கம் போயிரு. பேப்பர் வாங்கிட்டியான்னு நேத்து கேட்டேன், ப்ளூ டிக் மட்டும் வந்துருக்கு.