ஃப்ளூவோ-4 ஏ.எம்.: ஒளிர்வதில் குறையில்லை, செல்லுக்குள் தங்கத்தான் மாட்டேன் என்கிறது

ஃப்ளூவோ-4 ஏ.எம். என்பது செல்லுக்குள் கால்சியம் ஏறுவதை ஒளிர்ந்து காட்டும் சாயம். அதே வேலைக்கு, செல்லே தயாரித்துக்கொள்ளும் ஜிகேம்ப் என்ற ஒளிர்புரதம் இருக்கும்போது இந்தச் சாயத்தை இன்னும் வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். மரபணுவை ஏற்றி, புரதம் உருவாகும்வரை ஓரிரு நாள் காத்திருக்க முடியாதவருக்கு இத்தகைய சாயம்தான் எளிய வழி. 488 லேசரும் வழக்கமான பச்சை ஃபில்டரும் போதும்.

வடிவமைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. கால்சியம் இல்லாதவரை சாயத்தில் கால்சியத்தைப் பிடிக்கும் பாப்டா பகுதியிலிருந்து எலக்ட்ரான் ஒளிரும் பகுதிக்குத் தாவி ஒளிர்வை அணைத்து வைக்கும். கால்சியம் ஒட்டியதும் தாவல் நிற்கும், ஒளிர்வு 100 மடங்குக்கு மேல் ஏறும்.

எரிச்சலூட்டுவது கசிவு. பெயரிலுள்ள ஏ.எம். என்பது சாயத்தோடு இணைத்த எஸ்டர் மூடி; அது மின்சுமையை மறைத்துச் சாயத்தை உள்ளே விடுகிறது. உள்ளே எஸ்டரேஸ் என்ற நொதி அந்த மூடியை வெட்டியதும் சாயம் சிக்கிக்கொள்ளும் என்பது கணக்கு. ஆனால் சி.எச்.ஓ. (சீன வெள்ளெலியின் சூலகச் செல்) போன்ற செல்கள் எதிர்மின் அயனிக் கடத்திகள் வழியாகச் சாயத்தை வெளியே தள்ளிவிடும். 37 டிகிரியில் இன்னும் வேகம். வெளியே போனதும் சும்மா இருக்குமா? செல்லைச் சூழ்ந்த பஃபர் கரைசலில் 1–2 மில்லிமோலார் கால்சியம் காத்திருக்கிறது. அங்கே போய் முழுசாக ஒளிரும். செல் மங்க, பின்னணி வெளுக்க, நாம் லேசரைத் திட்டிக்கொண்டிருப்போம். ஷட்டரை 10 நிமிடம் மூடிவிட்டுப் பாருங்கள்: அப்போதும் மங்கியிருந்தால் குற்றவாளி லேசர் இல்லை.

கசிவுக்கு மருந்து, அந்தக் கடத்திகளைத் தடுக்கும் புரோபெனெசிட், 1–2.5 மில்லிமோலார். சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பஃபரில் சேர்த்தபின் பி.எச்.சை மறுபடி 7.4-க்குக் கொண்டுவர வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம்: அது செல்லிலிருந்து ஏ.டி.பி. வெளியேறும் பானெக்சின்-1 வழியை அடைக்கும், கால்சியத்தை உள்ளே விடும் டி.ஆர்.பி.வி.2 வழியைத் திறக்கும். ஏ.டி.பி. வெளியேற்றத்தை ஆராய்பவர் இதைத் தொடவே கூடாது.

ஏற்றும் முறை: 50 மைக்ரோகிராம் குப்பிக்கு 45 மைக்ரோலிட்டர் உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான், ஏறக்குறைய 1 மில்லிமோலார். சாயம் நீரில் பரவ உதவும் 20% புளூரோனிக்கை அதே அளவு கலந்து, சீரம் இல்லாத பஃபரில் 2 மைக்ரோமோலாராக்கி, அறை வெப்பத்தில் 30 நிமிடம். கழுவி, எஸ்டர் முழுதும் வெட்டுப்பட இன்னொரு 30. சீரம் இருந்தால் அதிலுள்ள எஸ்டரேஸ் வெளியிலேயே வெட்டிவிடும். 37 டிகிரியில் ஏற்றினால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் புகுந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். உறைந்த குப்பியைச் சில்லிப்போடு திறக்காதீர்கள், டி.எம்.எஸ்.ஓ. ஈரத்தை உறிஞ்சும், எஸ்டர் உடைந்துவிடும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வாங்கும்போது 50 மைக்ரோகிராம் குப்பிகளாகவே பத்து வாங்கிவிடுங்கள். பெரிய குப்பியைத் திறந்து திறந்து மூடினால் பாதியிலேயே கெட்டுவிடும்.