கல்லீரலா, எலும்பு மஜ்ஜையா, மூளையா: நொதிக் குறைபாட்டு நோய்களில் மரபணுவை எங்கே வைப்பது?

செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் சிறு பையான லைசோசோமில் இருக்க வேண்டிய நொதி ஒன்று பிறவியிலேயே இல்லாவிட்டால், சிதைய வேண்டிய பொருள் செல்லுக்குள் தேங்கி எலும்பு, இதயம், மூளை என ஒவ்வோர் உறுப்பாகக் கெடுக்கிறது. ஆனால் இந்த நோய்களில் மரபணு சிகிச்சைக்கு ஒரு சலுகை உண்டு: எல்லாச் செல்களையும் திருத்த வேண்டியதில்லை. திருத்தப்பட்ட செல் வெளியே விடும் நொதியை, பக்கத்துச் செல்கள் தம் மேற்பரப்பில் உள்ள மேனோஸ்-6-பாஸ்பேட் ஏற்பிகள் வழியாக எடுத்துக்கொள்கின்றன. 1968இல் உயிர்வேதியியலாளர் எலிசபெத் நியூஃபெல்டின் குழு, இத்தகைய இரு வேறு நோய்களான ஹர்லர், ஹன்டர் நோயாளிகளின் தோல் செல்களைச் சேர்த்து வளர்த்தபோது, இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நீக்கிக்கொண்டதைக் கண்டது. ஆகவே மரபணுவை எந்த உறுப்பில் வைத்தால் நொதி தேவையான இடத்துக்குப் போய்ச் சேரும் என்பதே இங்கு முதல் கேள்வி. விலங்குகளில் இதுவரை செய்யப்பட்ட ஆய்வுகள் மூன்று விடைகளைத் தந்திருக்கின்றன.

கல்லீரலை நொதித் தொழிற்சாலையாக்கும் வழிக்கு நல்ல சான்று, ஸ்லை நோய் கொண்ட நாய்கள். பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற நொதி இல்லாமல் பிறக்கும் இந்த நாய்களால் ஆறு மாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கவே முடியாது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குட்டிகளின் இரத்தக்குழாயில், மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ரெட்ரோவைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்திய ஆய்வு 2002இல் வெளியானது. சிகிச்சை பெற்ற நாய்கள் ஓடின. இதயத்தின் மைட்ரல் வால்வு தடிக்கவில்லை, கண் மங்குவதும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஒரே ஊசியில் கிடைத்த பலன் என்று பார்த்தால் இது அசாதாரணமானது. ஆனால் இந்த வெற்றியில் வயதுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வகை ரெட்ரோவைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டுமே மரபணுவைப் பதிக்கும் என்பதால், வேகமாக வளரும் பச்சிளங்குட்டியின் கல்லீரல் அதற்குத் தோதாக இருந்தது. மூளையைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். பிறந்த சில நாட்கள்வரை எலிக்குஞ்சின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் கடக்கும் இதே நொதி, எலி வளர்ந்தபின் கடப்பதில்லை; கடத்திவிடும் ஏற்பிகள் அதற்குள் குறைந்துவிடுகின்றன. மூன்றாம் நாளில் கிடைத்த பலனை, நோய் கண்டறியப்படும் வயதை எட்டிய குழந்தைக்கும் பொருத்திப் பேசும் கட்டுரைகளை அதனால்தான் நான் சற்றுச் சந்தேகத்தோடு படிக்கிறேன்.

பெருகாத செல்லிலும் நுழையும் ஏஏவி (AAV) என்ற மற்றொரு வகை வைரஸ் இந்தத் தடைகளில் ஒன்றை நீக்கியது. வேறொரு கவலையைக் கொண்டுவந்தது. பிறந்தவுடன் ஏஏவி பெற்ற ஸ்லை நோய் எலிகளில் பின்னாளில் கல்லீரல் புற்றுநோய் தோன்றியது. எலியின் 12ஆம் குரோமோசோமில் ரியான் என்ற பகுதிக்குள் வைரஸின் மரபணு செருகிக்கொண்டிருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுவயதில் சிகிச்சையளிப்பது பலனைக் கூட்டுகிறது என்றால், அதே சிறுவயது ஆபத்தையும் கூட்டக்கூடும் என்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை உடலுக்கு வெளியே எடுத்து, மரபணுவைச் சுமக்கும் லெண்டிவைரஸால் திருத்தி, திரும்பச் செலுத்துவது. அவற்றின் வழித்தோன்றல்கள் மூளைக்குள் நுழைந்து மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா போன்ற செல்களாகத் தங்கி, நொதியை அங்கேயே சுரக்கின்றன. நரம்புகளைக் கெடுக்கும் மெட்டாகுரோமாட்டிக் லூகோடிஸ்ட்ரோஃபி என்ற நொதிக் குறைபாட்டு நோயின் எலிகளில் மிலான் நகர ஆய்வாளர்கள் 2004இலும் 2006இலும் வெளியிட்ட முடிவுகளில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று: இயல்பான எலியின் ஸ்டெம் செல்களை மாற்றி வைத்தால் மட்டும் போதவில்லை, இயல்பைவிட அதிகமாக நொதி சுரக்கும்படி திருத்திய செல்களே நரம்புப் பாதிப்பைச் சீர்ப்படுத்தின. இந்த எலிகளுக்கு நோய் லேசாகவே வரும், குழந்தைகளிடம் காணப்படும் மயலின் (நரம்புகளின் உறை) இழப்பு இவற்றிடம் இல்லை என்ற குறை இருந்தும், எலியில் கண்டது குழந்தைகளிடமும் மெய்யானது. 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் லிப்மெல்டி என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதியும் கிடைத்தது. இதில் உள்ள சிரமம் என்னவென்றால், முன்கூட்டியே கடுமையான கீமோதெரபி தேவை. மேலும் திருத்திய செல்கள் மூளையில் குடியேறப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அறிகுறி முற்றிய பின் இந்த வழி பெரிதாக உதவாது.

அந்த மாதங்களைத் தர முடியாத நோய்களுக்கு மூன்றாவது வழியான நேரடி மூளை ஊசி இருக்கிறது. ஜிஎம்1 கேங்லியோசிடோசிஸ் என்ற மூளையைக் கெடுக்கும் நோயுள்ள பூனைகளின் இருபுறத் தலாமஸிலும் (மூளையின் நடுப்பகுதி) சிறுமூளையின் ஆழத்தில் உள்ள நரம்புச்செல் தொகுப்புகளிலும் ஏஏவி செலுத்தியபோது, சுமார் 8 மாதங்களில் இறக்கும் பூனைகள் சராசரியாக 38 மாதங்களுக்கும் மேல் வாழ்ந்தன. எலி மூளை அரை கிராம்கூட இல்லை. பூனை மூளை சுமார் 30 கிராம். எனவே இது எலியில் கிடைக்கும் எந்த எண்ணையும்விடக் கனமான சான்று. ஆனால் இதே முறையில், மூளையைக் கெடுக்கும் வேறு இரு நோய்களான டே-சாக்ஸ், சாண்ட்ஹாஃப் நோய்களுக்கான நொதியின் மரபணுவை ஆரோக்கியமான குரங்குகளின் தலாமஸில் செலுத்தியபோது, அவை தள்ளாடின, கைத்திறனை இழந்தன. திசுவைச் சோதித்தபோது ஊசி இறங்கிய இடத்தில் மூளைத்திசு இறந்துபோயிருந்தது, நொதியின் அளவோ மிக அதிகமாக இருந்தது. மிலான் எலிகளுக்கு உயிர் கொடுத்த 'இயல்பைவிட அதிகம்', இங்கே ஒரே புள்ளியில் குவிந்ததால் நஞ்சாயிற்று.

என் கணிப்பில், எலும்பும் இதயமும் முதலில் பாதிக்கப்படும் நோய்க்குக் கல்லீரல் வழியே போதும். மூளை கெடும் நோயில், குடும்பத்தில் முன்பே ஒரு குழந்தை பாதிக்கப்பட்டதால் அறிகுறிக்கு முன்னரே கண்டறிய முடிந்தால், ஸ்டெம் செல் வழியே முந்துகிறது. மூளை ஊசியைப் பொறுத்தவரை, குரங்குகளில் கண்டதற்குப் பிறகு நொதி உற்பத்தியைக் குறைத்து வடிவமைத்த வைரஸை டே-சாக்ஸ் நோயுள்ள இரண்டு குழந்தைகளுக்குச் செலுத்திய விவரம் 2022இல் வெளியானது. தலாமஸில் ஊசி பெற்றது அவர்களில் ஏழு மாதக் குழந்தை. குரங்குகளுக்கு நேர்ந்தது அதற்கு நேரவில்லை. நோய் சில மாதங்கள் நிலைத்து நின்று, பிறகு மீண்டும் முன்னேறத் தொடங்கியது.